இளவரசி ஸேபுன்னிஸா பேகம்: வரலாறு எது? வதந்தி எது?

முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் ஆலம்கீரின் மூத்த மகள் இளவரசி ஸேபுன்னிஸா பேகம். திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்த ஹாஃபிழா. அரபியும் பாரசீகமும் கற்றவர். ஆலிம்களையும் கவிஞர்களையும் ஆதரித்தவர். வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளைக் கோட்டைச் சிறையில் கழித்தவர். 17ஆம் நூற்றாண்டின் முஸ்லிம் பெண் ஆளுமைகளைப் பட்டியலிடுவோர் எவரும் இவரை விட்டுவிடுவதில்லை.

ஆனால் இவரைப் பற்றி மக்களிடையே அதிகம் பரவியிருப்பவை இரண்டே செய்திகள். ஒன்று, 'மக்ஃபீ' என்ற புனைபெயரில் இவர் எழுதியதாகச் சொல்லப்படும் பாரசீகக் கவிதைத் தொகுப்பு. மற்றொன்று, இவருடன் இணைத்துப் பேசப்படும் காதல் கதைகள். முன்னது ஆய்வாளர்களால் கடுமையாக ஐயுறப்படுகிறது. பின்னது அடிப்படையே இல்லாத கட்டுக்கதை. இவை இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான ஸேபுன்னிஸா நம் கண்ணுக்குத் தெரிகிறார்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். ஹதீஸ் கலை வல்லுநர்கள் இந்த ஒழுக்கத்தையே ஒரு கல்வித் துறையாக வளர்த்தெடுத்தார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சொல்லப்பட்ட செய்தி உறுதியான பிற செய்திகளுடன் முரண்படுகிறதா என்று கேட்பது அவர்களுடைய முறை. ஒரு கவிஞரின் வரலாற்றை ஆராய்வதற்கும் இதே கேள்விகள் போதுமானவை.

பிறப்பும் குடும்பமும்

ஸேபுன்னிஸா ஹிஜ்ரி 1047 ஷவ்வால் மாதத்தில் (கி.பி. 1638) தவ்லதாபாத்தில் பிறந்தார். அப்போது பாட்டனார் ஷாஜஹான் அரியணையில் இருந்தார். தந்தை ஔரங்கசீப் தக்காணத்தின் ஆளுநராக இருந்தார். தாயார் தில்ரஸ் பானு பேகம் ஈரானின் ஸஃபவி அரச வழியில் வந்தவர். ஔரங்காபாத்தில் இன்றும் நிற்கும் 'பீபீ கா மக்பரா' அந்தத் தாயாரின் அடக்கத்தலம்தான்.

'ஸேப்' என்ற பாரசீகச் சொல்லுக்கு அணி, அழகு என்று பொருள். 'ஸேபுன்னிஸா' என்றால் பெண்குலத்தின் அணி. உடன்பிறந்தவர்களில் ஸீனத்துன்னிஸா, ஸுப்ததுன்னிஸா ஆகிய சகோதரிகளும், இளவரசர்கள் ஆஸம், அக்பர் ஆகியோரும் உண்டு. கடைசித் தம்பி அக்பர் 1657இல் பிறந்தார். அவர் பிறந்த சில வாரங்களிலேயே தாயார் தில்ரஸ் பானு காலமானார். அப்போது ஸேபுன்னிஸாவுக்கு வயது 19. தாய் முகம் அறியாத அந்தத் தம்பிக்கும் மூத்த அக்காவுக்கும் இடையிலான பாசம், பின்னாளில் அக்காவின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.

ஹாஃபிழா ஆன இளவரசி

ஸேபுன்னிஸாவுக்குக் குர்ஆன் கற்பித்தவர் ஹாஃபிழா மர்யம் என்ற காஷ்மீரப் பெண்மணி. இவருடைய மகன் இனாயத்துல்லாஹ் கான் பிற்காலத்தில் முகலாய அரசின் உயர் பொறுப்புகளுக்கு வந்தார். மகள் குர்ஆனை மனனம் செய்து முடித்தபோது மகிழ்ந்த ஔரங்கசீப், அவருக்கு 30,000 அஷ்ரஃபி பொற்காசுகளைப் பரிசாக அளித்தார் என்று 'மஆஸிரே ஆலம்கீரி' என்னும் வரலாற்று நூல் பதிவு செய்கிறது. அரபி, பாரசீகக் கல்வியுடன் நஸ்தஅலீக், நஸ்க், ஷிகஸ்தா ஆகிய எழுத்து வகைகளிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார் என்றும் அந்நூல் சொல்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மஆஸிரே ஆலம்கீரியை எழுதியவர் ஸாகி முஸ்தஇத் கான். ஔரங்கசீப் இறந்த பின், 1710இல் அது நிறைவு பெற்றது. அதை எழுதும்படி தூண்டி ஆதரித்தவர் இனாயத்துல்லாஹ் கான், அதாவது ஸேபுன்னிஸாவின் ஆசிரியை ஹாஃபிழா மர்யமின் மகன்! ஆகவே இளவரசியின் கல்வி பற்றிய செய்தி, அவருக்குக் கற்பித்த வீட்டிலிருந்தே வரலாற்றாசிரியரின் கைக்கு எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது. ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், ஸனது மிகக் குறுகியது, அறிவிப்பாளர்கள் அறியப்பட்டவர்கள்.

அதே செய்தியின் மேல் பிற்காலத்தில் எத்தனை வண்ணங்கள் பூசப்பட்டன என்பதையும் பாருங்கள். ஏழு வயதிலேயே மனனம் செய்து முடித்தார், அதற்காக டெல்லி மைதானத்தில் படை முழுவதற்கும் விருந்து வைக்கப்பட்டது, அரசு அலுவலகங்களுக்கெல்லாம் விடுமுறை விடப்பட்டது என்றெல்லாம் எழுதப்பட்டுள்ளது. இவை கேட்க இனிமையானவை, புகழ் சேர்ப்பவையும்கூட. ஆனால் அரசவை வரலாற்றில் உள்ள செய்திக்கும் இவற்றுக்கும் ஒரே தரம் கொடுக்க முடியாது. நமக்குப் பிடித்த செய்தி என்பது ஒரு செய்தியை உறுதிப்படுத்தும் ஆதாரம் ஆகிவிடாது.

கல்விக்குக் கொடுத்த கை

பாரசீக இலக்கியத்தில் இவருக்கு ஆசிரியராக அமைந்தவர் முல்லா முஹம்மது ஸயீத் அஷ்ரஃப் மாஸந்தரானி. ஈரானிலிருந்து வந்த கவிஞர். ஔரங்கசீப் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் இந்தியா வந்து இளவரசிக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றவர். தாயகம் திரும்ப விடைகேட்டு இளவரசியை நோக்கி அவர் பாடிய கஸீதாவும் உண்டு.

தம் கைக்கு வந்த செல்வத்தை ஸேபுன்னிஸா பெரிதும் நூல்களுக்கே செலவிட்டார். சிறந்த நூலகம் ஒன்றை அமைத்தார். ஆலிம்கள், கவிஞர்கள், எழுத்தர்கள் எனப் பலருக்கு ஊதியம் கொடுத்து நூல்களை இயற்றவும் படியெடுக்கவும் வைத்தார். அவற்றில் தலையாயது, இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களின் 'தஃப்ஸீருல் கபீர்' நூலின் பாரசீக மொழிபெயர்ப்பு. முல்லா ஸஃபியுத்தீன் அர்தபீலி என்ற அறிஞரைக் காஷ்மீரில் தங்கவைத்து இந்தப் பணியைச் செய்வித்தார் இளவரசி. 'ஸேபுத் தஃபாஸீர்' என்று அவருடைய பெயராலேயே அது அழைக்கப்பட்டது.

மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு இந்த முயற்சியின் கனம் புரியும். தஃப்ஸீருல் கபீர் பல பாகங்களாக விரியும் பெருநூல். இல்முல் கலாம், தத்துவம், மொழியிலக்கணம், ஃபிக்ஹு என எல்லாத் துறைகளையும் இழுத்து வந்து விவாதிப்பது. அதை அரபி அறியாத வாசகர்களுக்காகப் பாரசீகத்தில் கொண்டுவர வேண்டும் என்று நினைப்பதற்கே அந்த நூலின் மதிப்பை உணர்ந்த உள்ளம் வேண்டும். பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டடம் எழுப்பியவர்கள் அந்தக் குடும்பத்தில் பலர். இவர் தம் பெயரைத் தாங்க ஒரு தஃப்ஸீரைத் தேர்ந்தெடுத்தார்.

ஹஜ் பயண நூல் ஒன்றும் இவருடைய ஆதரவில் உருவானது. 'அனீஸுல் ஹுஜ்ஜாஜ்', அதாவது ஹாஜிகளின் தோழன் என்பது அதன் பெயர். ஸஃபீ இப்னு வலீ கஸ்வீனி என்பவர் இளவரசியின் ஆதரவுடன் 1676-77இல் ஹஜ்ஜுக்குச் சென்று வந்து எழுதியது. கடற்பயணம், துறைமுகங்கள், புனிதத் தலங்கள் எனப் பயணிக்கு வேண்டிய செய்திகளைத் தருவது. அதன் ஓவியங்களுடன் கூடிய கையெழுத்துப் பிரதி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

1681: தம்பியின் கிளர்ச்சியும் அக்காவின் சிறையும்

1681 ஜனவரியில் இளவரசர் அக்பர், ராஜபுத்திரர்களின் துணையுடன் தந்தைக்கு எதிராகத் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அஜ்மீரில் இருந்த ஔரங்கசீப் அந்தக் கிளர்ச்சியை விரைவில் முறியடித்தார். அக்பர் தப்பி ஓடி மராட்டிய மன்னர் சம்பாஜியிடம் அடைக்கலம் புகுந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் கடல் வழியாக ஈரான் சென்றார். நாடு திரும்பாமலேயே அங்கு இறந்தார்.

கிளர்ச்சியின்போது அக்காவும் தம்பியும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டது வெளிப்பட்டது. இளவரசிக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட 4 இலட்சம் ரூபாய் நிறுத்தப்பட்டது. சொத்துகள் பறிமுதல் ஆயின. டெல்லியின் சலீம்கட் கோட்டையில் அவர் அடைக்கப்பட்டார்.

இதில் மறைப்பதற்கோ பூசி மெழுகுவதற்கோ எதுவும் இல்லை. அரசியல் காரணத்துக்காகத் தந்தை மகளைச் சிறைவைத்தார். அதை அரசவை வரலாறே சொல்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அஜ்மீரிலிருந்து தக்காணம் புறப்பட்ட ஔரங்கசீப், 1707இல் இறக்கும்வரை டெல்லிக்குத் திரும்பவே இல்லை. பிஜாப்பூர், கோல்கொண்டா, பின்னர் நம் செஞ்சிக் கோட்டை என முகலாயப் படைகள் தெற்கே போரிட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் இளவரசி வடக்கே கோட்டைச் சுவர்களுக்குள் இருந்தார்.

1702 மே மாதம், ஹிஜ்ரி 1113இன் கடைசி நாட்களில், ஸேபுன்னிஸா பேகம் வஃபாத் ஆனார். வயது 64. செய்தி தக்காணத்தை எட்டியபோது முதிய தந்தை கண்ணீர் வடித்தார். மகளின் பெயரால் தான தர்மங்கள் செய்யவும், டெல்லி காபுலி வாசலுக்கு வெளியே இருந்த 'தீஸ் ஹஸாரி' தோட்டத்தில் அடக்கத்தலம் எழுப்பவும் உத்தரவிட்டார். அந்தத் தோட்டம் அத்தை ஜஹானாரா பேகத்திடமிருந்து இளவரசிக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இரயில் பாதை அமைத்தபோது அந்த அடக்கத்தலம் இடிக்கப்பட்டது. கல்வெட்டுடன் கூடிய கல்லறை, ஆக்ராவுக்கு அருகே சிக்கந்தராவில் உள்ள பேரரசர் அக்பரின் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது.

இலாகூர் நவான்கோட்டில் இருக்கும் ஓர் அடக்கத்தலமும் இவருடையது என்று சொல்லப்படுவதுண்டு. அங்குள்ள சௌபுர்ஜி தோட்ட வாயிலையும் இவரோடு இணைப்பார்கள். ஆனால் சௌபுர்ஜியின் கல்வெட்டு ஹிஜ்ரி 1056ஐ (கி.பி. 1646) குறிக்கிறது. அப்போது இவருக்கு எட்டு வயது! கல்வெட்டில் வரும் 'ஸேபிந்தா' என்ற அடைமொழியின் ஒலி ஒற்றுமைதான் இந்தக் குழப்பத்துக்கு வழிவகுத்தது. ஒரு சொல் ஒத்துப்போனால் போதும், ஒரு கட்டடத்தையே ஒருவர் பெயரில் எழுதிவிடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'தீவானே மக்ஃபீ' யாருடையது?

இனி கவிதைக்கு வருவோம். பாரசீக, உருது மரபில் ஒரு கவிஞரின் கஸல்களின் தொகுப்பைத் 'தீவான்' என்பார்கள். கஸலின் கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பதிப்பார். 'மக்ஃபீ' என்ற புனைபெயர் பதிந்த ஒரு தீவான் 19ஆம் நூற்றாண்டில் கான்பூர், லக்னோ கல்லச்சகங்களில் ஸேபுன்னிஸாவின் பெயரால் அச்சானது. 1913இல் மகன் லால், ஜெஸ்ஸி டங்கன் வெஸ்ட்புரூக் ஆகிய இருவரும் அதிலிருந்து 50 கஸல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து உலகம் அறிந்த ஸேபுன்னிஸா, அந்த ஆங்கில நூலின் முன்னுரையில் வரும் ஸேபுன்னிஸாதான்.

அந்த முன்னுரையின் தரம் என்ன? அதன்படி இளவரசி 1689இல் இறந்தார், இலாகூரில் அடக்கமானார். அரசவை வரலாறோ 1702 என்கிறது; டெல்லி என்கிறது. இறந்த ஆண்டிலும் அடங்கிய ஊரிலும் தவறும் ஒருவர், கவிதைகள் எப்போது எப்படித் தொகுக்கப்பட்டன என்று தரும் செய்தியை நாம் எந்த அளவு நம்பலாம்? அறிவிப்பாளரின் நினைவாற்றலை எடைபோடாமல் அறிவிப்பை ஏற்கக் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த விதி.

அடுத்து புனைபெயர். 'மக்ஃபீ' என்பது 'மறைந்திருப்பது' என்று பொருள்படும் அரபிச் சொல். திரைக்குப் பின்னிருக்கும் பெண் தமக்கு வைத்துக்கொள்ளப் பொருத்தமான பெயர். அதனால்தான் அது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பேரரசர் அக்பரின் மனைவி ஸலீமா சுல்தான் பேகம் (இறப்பு 1613) இதே பெயரில் கவிதை பாடியவர். நூர்ஜஹானுக்கும் இப்பெயரை உரித்தாக்குவோர் உண்டு. பெண்கள் மட்டுமா? ஈரானிய ஆண் கவிஞர்களிலும் மக்ஃபீ என்று பெயர் கொண்டோர் இருந்தார்கள். இன்னொரு சிக்கல், பாரசீக மொழியின் வினைகளிலும் பெயர்களிலும் ஆண்பால், பெண்பால் வேறுபாடு கிடையாது. தமிழில் 'வந்தாள்' என்றதும் பெண் என்று தெரிந்துவிடும்; அரபியிலும் அப்படியே. பாரசீகக் கஸலில் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதை இலக்கணம் காட்டித் தராது. 'மக்ஃபீ' என்று முடியும் ஒரு கஸலைக் கையில் வைத்துக்கொண்டு இது இளவரசியின் குரல் என்று சொல்ல, வெளியிலிருந்து வேறு சான்று வேண்டும்.

மூன்றாவது, தீவானின் உள்ளடக்கம். ஹதீஸ் கலையில் 'மத்ன்' ஆய்வு என்போமே, அது. இத்தொகுப்பின் சில கவிதைகளில் பேசுபவர் குராசானைத் தம் மண்ணாக எண்ணி ஏங்குகிறார். ஹிந்துஸ்தானத்தில் அந்நியராக வந்து நிற்பதைச் சொல்கிறார். தவ்லதாபாத்தில் பிறந்து, இந்திய மண்ணை விட்டு வெளியே கால் வைக்காத பேரரசரின் மகளுக்கு இது பொருந்தவில்லை. பிழைப்புத் தேடி முகலாய நாட்டுக்கு வந்த எத்தனையோ ஈரானியக் கவிஞர்களில் ஒருவருக்கு அப்படியே பொருந்துகிறது. பாரசீக இலக்கிய ஆய்வாளர்கள் பலர் இத்தீவானை இளவரசியின் படைப்பாக ஏற்கத் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம்.

மறுபக்கத்தின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். சிறை, தனிமை, உலகப் பற்றற்ற நிலை ஆகியவற்றைப் பாடும் கவிதைகள் அத்தொகுப்பில் உண்டு. அரசரின் மகளாக இருந்தும் ஃபகீரின் பாதையை நாடியதாகச் சொல்லி, ஸேபுன்னிஸா என்ற பெயரையே வெளிப்படையாகக் கூறும் ஓர் ஈரடியும் மேற்கோள் காட்டப்படுகிறது என்பார்கள். ஆனால் கூண்டும் சிறையும் தனிமையும் பாரசீகக் கஸலின் பொதுச் சொத்து. சிறையே காணாத கவிஞர்களும் அவற்றைப் பாடியிருக்கிறார்கள். பெயர் கூறும் ஈரடியைப் பொறுத்தவரை, ஒருவர் புகழ் பெற்ற பின் அவர் பெயரில் வரிகள் வந்து சேர்வது எல்லா மொழிகளிலும் நடப்பதுதான். அது தேதியிட்ட பழைய பிரதியில் இருந்தால் சான்று. இல்லையேல் செவிவழிச் செய்தி.

அப்படியானால் இளவரசி கவிதையே எழுதவில்லையா? அப்படிச் சொல்வதும் எல்லை மீறலே. அவருடைய கவிதைக் கல்வி உறுதியானது. கவிஞர்களின் சூழலும் உறுதியானது. கவிஞர்களின் வரலாறு கூறும் தத்கிரா நூல்கள் சில, அவர் பெயரில் ஓரிரு ஈரடிகளைத் தருகின்றன. தீவான் ஒன்று அவருடையது என்று நிறுவப்படவில்லை என்பதற்கும், அவர் கவிஞர் அல்லர் என்பதற்கும் நிறைய இடைவெளி இருக்கிறது.

கட்டுக்கதையும் அவதூறும்

தீவான் பற்றியது இலக்கிய ஐயம். அடுத்தது ஒரு பெண்ணின் மானம் பற்றியது.

ஸேபுன்னிஸா திருமணம் செய்துகொள்ளவில்லை. இந்த ஒரு செய்தியைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டு முதல் கதைகள் பின்னப்பட்டன. அவற்றில் பெரிதாகப் பரவியது ஆகில் கான் ராஸீ கதை. இளவரசியைக் காதலித்த அவர் அரண்மனைத் தோட்டத்தில் ஒளிந்திருந்தபோது ஔரங்கசீப் வந்துவிட்டதாகவும், அவர் ஒளிந்திருந்த பெரிய கொப்பரைக்குக் கீழே தீமூட்டி அவரை உயிரோடு கொதிக்க வைத்துக் கொன்றதாகவும் அக்கதை முடிகிறது.

உண்மை என்ன? ஆகில் கான் ராஸீ புர்ஹான்பூரின் ஸூஃபி ஞானி ஷைகு புர்ஹானுத்தீன் ராஸே இலாஹீ அவர்களின் முரீது. 'ராஸீ' என்ற பெயர் அந்தத் தொடர்பால் வந்தது. கவிஞர், வரலாற்று நூலாசிரியர், ஔரங்கசீப்பின் நம்பிக்கைக்குரிய அதிகாரி. 1680 முதல் டெல்லியின் ஆளுநராக இருந்தார். அந்தப் பதவியிலேயே 1696இல் இயல்பான மரணம் அடைந்தார். கொப்பரையில் கொதிக்க வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவர் பேரரசின் தலைநகரைப் பதினாறு ஆண்டுகள் நிர்வகித்திருக்கிறார்! சமகால வரலாறு எதிலும் இந்தக் காதல் இல்லை. அரண்மனை வதந்திகளைத் தேடித் தேடி எழுதியவர் இத்தாலியப் பயணி மனூச்சி. பிற்காலத்தில் சென்னை பரங்கிமலையில் வாழ்ந்தவர். அவரிடம்கூட இக்கதை இல்லை.

இந்தக் கதையை மறுத்து எழுதியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் அல்லாமா ஷிப்லீ நுஃமானி (ரஹ்). மற்றவர் வங்காள வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்கார். ஷிப்லீ ஔரங்கசீப்பின் மீது சுமத்தப்பட்ட பழிகளுக்குப் பதில் எழுதியவர். சர்க்கார் ஔரங்கசீப்பின் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தவர். எதிரெதிர்ப் பார்வை கொண்ட இருவரும் இந்தக் கதை பொய் என்பதில் ஒன்றுபடுகிறார்கள். ஔரங்கசீப்பின் மீது பரிவு இல்லாத சர்க்கார், அவர் மகளின் மீதான பழியை ஆதாரங்களை அடுக்கி நீக்கியது நேர்மையான ஆய்வுக்கு இலக்கணம். மஆஸிரே ஆலம்கீரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அவரே.

ஆனாலும் நாவல்களும் மேடைகளும் கதையைத்தான் எடுத்துக்கொண்டன. பங்கிம் சந்திரரின் 'ராஜசிம்மன்' நாவலில் ஸேபுன்னிஸா வேறொரு காதல் கதையின் பாத்திரமாக வருகிறார். இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஔரங்கசீப்பின் மகளின் காதல்' பதிவுகள் அந்த வழியில் வந்தவை. வருத்தம் என்னவென்றால், நம்மவர்களே இவற்றை 'சுவையான வரலாறு' என்று பகிர்கிறார்கள்.

கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு ஸூரத்துன் நூர் கடுமையான தண்டனை விதிக்கிறது. அவர்களுடைய சாட்சியம் இனி ஏற்கப்படாது என்றும் அறிவிக்கிறது. அந்த வசனத்தின் சட்டம் நீதிமன்றத்துக்குரியது. ஆனால் அதன் ஒழுக்கம், நாவையும் விரல்நுனியையும் காக்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் உரியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன பெண் மறுத்துப் பேச முடியாது என்பது நமக்குச் சலுகை அல்ல, கூடுதல் பொறுப்பு.

ஓர் ஒப்பீடு: அத்தை ஜஹானாரா

உறுதியான சான்றுள்ள ஒரு பெண் எழுத்தாளர் எப்படி இருப்பார் என்பதை அறிய அதே குடும்பத்தைப் பார்க்கலாம். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் (1614-1681) 'மூனிஸுல் அர்வாஹ்' என்ற நூலைப் பாரசீகத்தில் எழுதினார். அஜ்மீர் ஹழ்ரத் காஜா முயீனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களும் அந்த வழிவந்த பெரியார்களும் அதன் பொருள். எழுதியவர் தம்மையே நூலில் அறிமுகம் செய்துகொள்கிறார். தம் அஜ்மீர் ஸியாரத்தைத் தாமே விவரிக்கிறார். காதிரிய்யா தரீக்காவின் முல்லா ஷா அவர்களிடம் தாம் பெற்ற ஆன்மீகப் பயிற்சியை 'ரிஸாலயே ஸாஹிபிய்யா' என்ற சிறுநூலில் பதிவு செய்திருக்கிறார். டெல்லி நிஸாமுத்தீன் அவ்லியா (ரஹ்) தர்காவில், கூரையில்லாமல் வானம் பார்த்த எளிய கப்ரில் அவர் அடங்கியிருக்கிறார்.

ஜஹானாராவின் நூலில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, காலம் இருக்கிறது, நூல் பேசும் வாழ்க்கையும் வரலாறு அறிந்த வாழ்க்கையும் ஒன்றாக இருக்கின்றன. தீவானே மக்ஃபீயில் இவை எதுவும் இல்லை. சான்று என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

தரம் பிரித்தால்

ஹதீஸ் கலையின் தரங்களை வரலாற்றுச் செய்திகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும் புரிதலுக்காக அந்த முறையில் வகைப்படுத்தினால், கிடைப்பது இது:

உறுதியானவை: ஹாஃபிழா மர்யமிடம் குர்ஆன் மனனம், 30,000 அஷ்ரஃபி பரிசு, அரபி, பாரசீகக் கல்வி, நூலகமும் அறிஞர் ஆதரவும், தஃப்ஸீருல் கபீர் மொழிபெயர்ப்பு, 1681இல் சிறை, 1702இல் டெல்லியில் வஃபாத்.

வாய்ப்புள்ளவை: அவர் பாரசீகத்தில் கவிதை எழுதினார் என்பது, தத்கிராக்களில் அவர் பெயரில் வரும் சில ஈரடிகள்.

நிறுவப்படாதவை: தீவானே மக்ஃபீ முழுவதும் அவருடையது என்பது, இலாகூர் அடக்கத்தலம், ஏழு வயது மனனமும் அதையொட்டிய விழாக்களும்.

தள்ளப்பட வேண்டியவை: ஆகில் கான் கதை உள்ளிட்ட காதல் கதைகள் அனைத்தும்.

இப்படிப் பிரித்தால் ஒரு முஸ்லிம் பெண் கவிஞரை நாம் இழந்துவிடுகிறோமே என்று சிலருக்குத் தோன்றலாம். இழப்பு ஒன்றும் இல்லை. அச்சில் வந்த ஒரு தீவானை எடுத்துவிட்டால், மீதம் இருப்பது குர்ஆனை நெஞ்சில் சுமந்து, தஃப்ஸீருக்குச் செல்வத்தைச் செலவிட்டு, தம்பிக்குக் காட்டிய பாசத்தின் விலையாக இருபது ஆண்டுச் சிறையை ஏற்ற பெண்மணி. அந்தத் தீவான் வேறொரு 'மக்ஃபீ'யுடையது என்றால், பெயர் மறைந்துபோன அந்த ஏழைக் கவிஞருக்கும் ஒரு ஹக்கு இருக்கிறது. அவருடைய உழைப்பை எடுத்து அரச குடும்பத்துக்குக் கொடுப்பதும் அமானிதத்துக்கு மாற்றமே.

ஆய்வு மாணவர்களுக்கு இத்துறையில் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. தீவானே மக்ஃபீயின் பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேதி வாரியாக ஒப்பிட்டு, எந்தக் கஸல் எந்தக் காலத்தில் முதலில் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். முகலாயர் வரலாற்றைப் படிக்க விரும்பும் நம் பிள்ளைகள் பாரசீகம் கற்க வேண்டும். மதரஸாக்களில் ஒரு காலத்தில் 'குலிஸ்தான்', 'போஸ்தான்' ஓதப்பட்டதால் நம் முன்னோருக்கு இந்த வாசல் திறந்திருந்தது. அது மூடப்பட்டால், நம் வரலாற்றைப் பிறர் எழுதிய முன்னுரைகளிலிருந்து மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வரும்.

மேடையில் பேசுபவர்களும் எழுதுபவர்களும் ஸேபுன்னிஸா பேகத்தின் பெயரைச் சொல்லும்போது, அவருக்காகக் காஷ்மீரில் அமர்ந்து எழுதப்பட்ட அந்தத் தஃப்ஸீரிலிருந்து தொடங்கட்டும். அது அவரே தேர்ந்தெடுத்த நினைவுச் சின்னம். அல்லாஹ் அவருடைய நற்பணிகளை ஏற்று, பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. வல்லாஹு அஃலம்.